சோலைக் கோரையை ஷீட்டாக்குவது: பறிப்பதிலிருந்து பதிவேடு வரை

கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்கோரை அறுப்பதைப் பார்த்தவர்களுக்குக் கோரை புதிதில்லை. எத்தனை தடவை களை வெட்டினாலும் மறுவாரமே தலைகாட்டுகிற கோரைக்கிழங்கும் அதே குடும்பம்தான். ஆனால் வால்பாறையிலும் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மர நிழலில், ஓடை ஓரத்தில் குத்துக் குத்தாக நிற்கிற காட்டுக் கோரையை "ஏதோ புல்லு" என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஹெர்பேரியத்துக்கு, அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கிற இடத்துக்கு, வருகிற ஷீட்டுகளிலும் அந்த அலட்சியம் தெரியும். கதிர் நுனியை மட்டும் கிள்ளி ஒட்டியிருக்கும், அடிப்பகுதி இருக்காது, லேபிளில் "வால்பாறை" என்று ஒற்றைச் சொல் இருக்கும். அப்படிப்பட்ட ஷீட்டை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதற்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் ஒட்டியிருக்கிற தாள் மட்டுமே.

கோரையை ஒழுங்காகப் பறித்து, அமுக்கி, காயவைத்து, லேபிள் எழுதி, பதிவேட்டில் ஏற்றுவது வரைக்கும் வரிசையாகச் சொல்கிறோம். தாவரவியல் படிக்கிற மாணவர்களுக்கும், காட்டை ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இது போதும்.

முதலில், அது கோரைதானா?

தண்டை விரல் இடுக்கில் வைத்து உருட்டுங்கள். பெரும்பாலான கோரைகளில் மூன்று விளிம்பு தட்டுப்படும். புல்லில் தண்டு உருண்டையாக இருக்கும், கணு புடைத்து நிற்கும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும். கோரைக்குக் கதிர் வரைக்கும் கணு தெரியாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். இலைகள் புல்லில் இரண்டு பக்கம் பிரியும், கோரையில் மூன்று பக்கம். எல்லாவற்றிலும் நம்பகமானது இலையுறை. புல்லின் உறை ஒரு பக்கம் வெட்டிவிட்ட மாதிரி திறந்திருக்கும், கோரையின் உறை குழாய் போல மூடியிருக்கும். உருண்டைத் தண்டுக் கோரைகளும் உண்டு என்பதால் தண்டை மட்டும் நம்பாமல் உறையையும் பாருங்கள்.

சோலைக்குள் இருக்கிற கோரைகளில் கேரெக்ஸ் பேரினம் முக்கியமானது. அதன் அடையாளத்தைப் பத்து மடங்கு கைலென்ஸில் பார்க்கலாம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு சின்னப் பைக்குள் உட்கார்ந்திருக்கும், பையின் வாய் அலகு மாதிரி நீண்டிருக்கும், அந்த வாய் வழியாகச் சூல்முடி (பெண்பூவில் மகரந்தத்தை ஏற்கிற நுனி) வெளியே எட்டிப் பார்க்கும். வேறு கோரைப் பேரினங்களான சிப்பெரஸ், ஃபிம்பிரிஸ்டைலிஸ் இரண்டிலும் இந்தப் பை கிடையாது. ஸ்கிளீரியா என்ற பேரினத்தில் பை இல்லாவிட்டாலும் கொட்டை வெள்ளையாக, பீங்கான் மணி போலக் கெட்டியாக இருக்கும். நம் மலைகளில் புதியவர் கண்ணில் முதலில் படக்கூடியது கேரெக்ஸ் பாக்கன்ஸ். பழுத்ததும் பைகள் சிவந்து பளபளக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கோரையில் மணத்தக்காளி காய்த்த மாதிரி இருக்கும். இன்னொன்று கேரெக்ஸ் ஃபிலிசினா, கிளை கிளையாகப் பிரிந்த கதிர். இரண்டுக்கும் 1834-இல், தாவரவியலாளர் ராபர்ட் வைட் வெளியிட்ட நூலில் ஜெர்மன் தாவரவியலாளர் நீஸ் பெயர் வைத்தார். அந்த வைட் 1840-களில் பருத்திச் சோதனைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு கோயம்புத்தூரில்தான் குடியிருந்தார்.

அனுமதி

ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. காப்புக்காடுகளுக்கும் அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக, துறைத்தலைவர் கையெழுத்தோடு, எங்கே, எந்த மாதம், எத்தனை மாதிரி என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்கவும் நாளாகும். அதுவரை தனியார் தோட்டத்து ஓடை ஓரத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பழகுங்கள். முதல் பத்து ஷீட்டை உங்கள் தோட்டத்துக் கோரைக்கிழங்கிலேயே செய்து பார்ப்பது உத்தமம். எப்படியும் முதல் பத்தும் கெடப்போகிறவை. அது காட்டுச் செடியாக இருக்க வேண்டாம்.

பிரஸ் செய்வது

செடியை அமுக்கிக் காயவைக்கிற சட்டம்தான் பிரஸ். கடையில் வாங்க வேண்டியதில்லை. 45-க்கு 30 செ.மீ. அளவில் ரீப்பர் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக ஆணியடித்து இரண்டு சட்டம் செய்துகொள்ளுங்கள், அல்லது அதே அளவில் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு. இறுக்கிக் கட்ட இரண்டு மீட்டர் நீளத்தில் பெல்ட் நாடா இரண்டு. கயிறு வேண்டாம், ஈரத்தில் முடிச்சு இறுகி அவிழாது.

நடுவில் வைக்க நெளி அட்டை. திருப்பூரில் பனியன் பெட்டி அட்டை எங்கே பார்த்தாலும் கிடக்கும், அதுதான் சரியான சரக்கு. வெட்டும்போது உள்ளே இருக்கிற குழல்கள் அட்டையின் குறுகிய பக்கமாக, அதாவது 30 செ.மீ. வாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். காற்று அந்தக் குழல் வழியாகத்தான் போய் ஈரத்தை எடுத்து வரும். நீளவாக்கில் வெட்டினால் காற்று ஒன்றரை மடங்கு தூரம் போக வேண்டும், நடுவில் இருக்கிற செடி புழுங்கிவிடும். ஒரு நாள் வேலைக்கு இருபத்தைந்து அட்டை, நாற்பது செய்தித்தாள் மடிப்பு போதும். வழவழப்பான இணைப்புத் தாளை எடுத்துவிடுங்கள், அது ஈரம் குடிக்காது.

தோண்டுவதற்குக் களைக்கொத்து. வேறு எதுவும் அவ்வளவு வசதியில்லை. பாலித்தீன் பைகள், பென்சில், நூல் கட்டிய விலைச்சீட்டு டேக், கைலென்ஸ், அரை மி.மீ. கோடு போட்ட ஸ்கேல், இருப்பிடம் காட்டும் கைப்பேசி. சோலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வகை அட்டையும் கிடைக்கும், கேட்காமலே காலில் ஏறும். அதற்கு உப்புத் துணி முடிச்சும் நீளமான காலுறையும்.

எதை, எப்போது பறிப்பது

கோரையில் பெயர் சொல்வது பூவை வைத்து அல்ல, முற்றிய கொட்டையை வைத்து. சூல்முடி புதிதாக, வெள்ளை நூலாக நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நாளிருக்கிறது. கதிரை விரலால் மெல்ல உருவினால் பைகள் உள்ளங்கையில் கொட்டினால் காலம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே, கீழ்ப்பக்கத்துப் பைகள் முழு அளவுக்கு உப்பி, நகத்தால் அழுத்தினால் உள்ளே கொட்டை கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். அந்தப் பதம்தான் சரி. ஒரே குத்தில் பிஞ்சும் முற்றலும் சேர்ந்திருந்தால் இரண்டையும் எடுங்கள்.

அடிப்பகுதி கட்டாயம். வேர்க்கிழங்கு ஊர்ந்து போகிறதா, குத்தாக நிற்கிறதா, அடி உறை என்ன நிறம், பழைய உறை நாராகக் கிழிகிறதா என்பதெல்லாம் இனத்தைப் பிரிக்கிற அடையாளங்கள். இதை வெட்டிவிட்டால் செடியின் பாதி போயிற்று. களைக்கொத்தைக் குத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, மண்ணோடு தூக்கி, ஓடைத் தண்ணீரில் அலசுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் உறைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு தண்டு மட்டும் கையோடு வந்துவிடும்.

அந்த இடத்தில் இருபது குத்தாவது இல்லையென்றால் முழுக் குத்தைத் தோண்டாதீர்கள். கதிரோடு இரண்டு தண்டும், ஒட்டிய வேர்க்கிழங்குத் துண்டும் எடுத்து, மீதியை மண் அணைத்துவிட்டு வாருங்கள். நிறைய இருந்தால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்கு பிரதி எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான். பத்தடி தள்ளி இருக்கிற "அதே மாதிரி" கோரையை அந்த எண்ணில் சேர்க்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு இனம் ஒரே எண்ணில் போய் வெவ்வேறு ஹெர்பேரியங்களில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் குழப்புவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஃபீல்டு நோட்டு

எண் உங்களுடையது. ஒன்றில் தொடங்கி ஆயுசுக்கும் தொடர வேண்டும். வருடம் பிறந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, ஊருக்கு ஊர் தனி வரிசையும் கூடாது. உங்கள் பெயரும் அந்த எண்ணும் சேர்ந்தால் உலகத்தில் ஒரே ஒரு சேகரிப்பைத்தான் குறிக்க வேண்டும். டேக்கில் எண்ணைப் பென்சிலில் எழுதிப் பறித்த இடத்திலேயே செடியில் கட்டிவிடுங்கள். ஜெல் பேனா ஈரத்தில் கரைந்து நீலக் கறையாகிவிடும்.

நோட்டில் எழுத வேண்டியதற்கு ஒரே அளவுகோல்: காய்ந்த செடி எதைச் சொல்லாதோ அதை எழுதுங்கள். "இலை நீளமானது" என்று எழுதுவது வீண், அது ஷீட்டிலேயே தெரியும். குத்தின் உயரம், எத்தனை குத்து இருந்தது, நிழலா வெயிலா, தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், மண் எப்படி, பக்கத்தில் என்ன மரம், பழுத்த பையின் நிறம் ஆகியவை அங்கே நிற்கும்போது மட்டும்தான் தெரியும். நிறம் குறிப்பாக. பாக்கன்ஸின் சிவப்பு காயக் காய மங்கிக் கறுத்துவிடும்.

எழுத வேண்டிய விதத்துக்கு ஒரு மாதிரி, கற்பனையானது:

எண்: 147
நாள்: 14 செப்டம்பர் 2024
இடம்: தமிழ்நாடு, கோயம்புத்தூர் மாவட்டம், வால்பாறை வட்டம். வால்பாறை ஊரிலிருந்து நேர்கோட்டில் 4 கி.மீ. வடகிழக்கே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைத் துண்டு, ஓடையின் வடகரை.
ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை): வடக்கு 10.3525, கிழக்கு 76.9810, டபிள்யூஜிஎஸ் 84 (கைப்பேசி காட்டும் ஆய முறை), கைப்பேசி, பிழை 15 மீ.
உயரம்: 1,180 மீ.
வாழிடம்: முழு நிழல், தண்ணீரிலிருந்து 2 மீ., பாறை இடுக்கில் மட்கிய கருமண்.
செடி: குத்து, 70 செ.மீ. உயரம்; 30 மீட்டர் நீளத்தில் நாற்பது குத்துக்கு மேல். அடி உறை செம்பழுப்பு. பை பச்சை, நுனி பழுப்பு. சூல்முடி 3.
பெயர்: கேரெக்ஸ், இனம் தெரியவில்லை.
பிரதி: 3

கடைசிக்கு முந்தின வரியைக் கவனியுங்கள். தெரியாத பெயரை எழுதாமல் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. தப்பான பெயர்தான் ஆபத்து. ஒரு தடவை பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து இணையத்துக்குப் போய்விட்டால், அந்த மலையில் இல்லாத கோரை அங்கே இருப்பதாக எல்லாப் பட்டியலும் சொல்லும்.

அமுக்குவது

அன்று மாலைக்குள் பிரஸ்ஸில் போய்விட வேண்டும். ஹெர்பேரியம் ஷீட் 42-க்கு 28 செ.மீ., கோரை அதைவிட நீளம். இலையும் தண்டும் சேர்ந்து ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு மடிப்பு, இன்னும் நீளமானால் ஆங்கில என் (N) எழுத்து மாதிரி இரண்டு மடிப்பு. மடித்த முனை திமிறும். கனத்த தாள் துண்டில் ஒரு கீறல் போட்டு, மடிப்பு முனையை அதற்குள் செருகிவிட்டால் நிற்கும். காய்ந்ததும் துண்டை உருவிவிடலாம். மடிக்கும்போது கதிர் மடிப்பில் சிக்கக் கூடாது, அது ஷீட்டின் மேல்பாதியில் விரிந்து கிடக்க வேண்டும்.

லேபிள் ஒட்ட, ஷீட்டின் கீழ் வலது மூலையில் 15-க்கு 10 செ.மீ. இடம் வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு அடுக்குவோம் என்றால் மறந்துபோகும். அந்த அளவுக்கு ஒரு அட்டைத் துண்டை வெட்டி, செய்தித்தாள் மூலையில் வைத்துவிட்டு, மீதி இடத்தில் செடியை அடுக்குங்கள். ஒரு இலையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். குத்து பெரிதாக இருந்தால் பிரித்துவிடுங்கள், ஆனால் அடியிலிருந்து கதிர் வரைக்கும் ஒரு தண்டாவது அறுபடாமல் இருக்க வேண்டும். பருத்த வேர்க்கிழங்கை நீளவாக்கில் பிளந்து பாதியை வையுங்கள். முழுசாக வைத்தால் அந்த இடம் மட்டும் மேடாகி, சுற்றிலும் இருக்கிற இலைகளுக்கு அழுத்தம் கிடைக்காமல் சுருங்கும்.

காயவைப்பது

கோரை ஏமாற்றும். இலை இரண்டு நாளில் மொடமொடவென்று ஆகிவிடும், காய்ந்துவிட்டது என்று எடுத்து வைத்துவிடுவோம். வேர்க்கிழங்கிலும், ஒன்றுமேல் ஒன்றாகச் சுற்றிய அடி உறைக்குள்ளும் ஈரம் அப்படியே இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை.

முதல் தாளை 24 மணி நேரத்தில் மாற்றுங்கள். செடி வாடித் துவண்டிருக்கும், இலையைத் திருப்புவதற்கும் கதிரை நீட்டுவதற்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. பிறகு மூன்று நாள் தினமும், அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். காங்கேயம், தாராபுரம் வெயிலில் பிரஸ்ஸை வெளியே சாய்த்து வைத்தால் வாரத்துக்குள் முடிந்துவிடும். வால்பாறை மழையில் தாள் தானாகவே ஈரமாகிவிடும், அங்கே வெயிலை நம்பிப் பயனில்லை. பழைய மரப்பெட்டியில் அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு, அதற்கு ஒரு அடிக்கு மேல் கம்பி வலை, வலைமேல் பிரஸ்ஸை நீளப் பக்கம் தரையைப் பார்க்க நிறுத்துங்கள். அப்போதுதான் குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும், சூடு அவற்றின் வழியாக ஏறும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பெட்டிக்குள் 40 முதல் 45 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் கதிர் நொறுங்கும். காய்ந்ததா என்று பார்க்க வேர்க்கிழங்கைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

நாலைந்து நாள் காட்டிலேயே தங்க வேண்டியிருந்து, மின்சாரமும் இல்லையென்றால், செய்தித்தாளில் மடித்த செடிக்கட்டைக் கனத்த பாலித்தீன் பைக்குள் வைத்து ஸ்பிரிட்டை ஊற்றி நனைத்து, வாயை இறுக்கிக் கட்டிவிடலாம். வீட்டுக்கு வந்து காயவைக்கலாம். நிறம் முழுக்கப் போய்விடும், அதனால் நோட்டில் நிறம் எழுதாமல் இதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிட் நெடி இருக்கும்வரை காற்றாட வையுங்கள். அந்த ஈரத்தோடு பல்பு பெட்டிக்குள் வைத்தால் தீப்பிடிக்கும்.

காய்ந்ததும் பூச்சி. பழுப்பு நிறத்தில் கடுகு அளவில் இருக்கும் சிகரெட் வண்டு ஒன்று நுழைந்தால் போதும், கொட்டைகளைத் துளைத்து மாவாக்கிவிடும். கட்டைக் காற்றுப் புகாத பாலித்தீனில் சுற்றி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த கையோடு பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே அப்படியே விட்டால் நீர்த்துளி பாலித்தீனுக்கு வெளியே படியும். அவசரப்பட்டுப் பிரித்தால் அது செடிமேல் படியும், மறுபடி பூஞ்சை.

ஒட்டுவது

நல்ல கனமான, அமிலமில்லாத தாள். செல்லோடேப் ஒருபோதும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி, பசை மட்டும் செடியில் ஒட்டிக்கொண்டு நாடா உரிந்து விழும். மைதாப் பசை காய்ச்சினால் அதில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம், சேர்க்காவிட்டால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. வேர்க்கிழங்கையும் தண்டு மடிப்பையும் வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள், பசை மட்டும் அந்தக் கனத்தைத் தாங்காது. கதிருக்குப் பசை தடவாதீர்கள். பின்னால் வருகிறவர் ஒரு பையை எடுத்து லென்ஸில் பார்க்க வேண்டியிருக்கும்.

பைகள் எப்படியும் உதிரும். மேல் மூலையில் சின்னக் காகித உறை ஒன்றை ஒட்டி உதிர்ந்தவற்றை அதில் போடுங்கள். கோரை ஷீட்டில் இந்த உறை இல்லாவிட்டால் சில வருடத்தில் வெறும் காம்புதான் மிஞ்சும். ஷீட்டைப் புத்தகப் பக்கம் மாதிரி புரட்டக் கூடாது, தட்டையாக வைத்தபடியே எடுத்து எடுத்துத்தான் அடுக்க வேண்டும்.

பழைய ஷீட்டுகளைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் பூச்சிக்கு மெர்க்குரிக் குளோரைடு பூசுவார்கள். அந்தப் பாதரசம் இன்னமும் தாளில் இருக்கலாம். கையுறை போடுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள், ஷீட் பக்கத்தில் டீ வைக்காதீர்கள்.

பெயர் கண்டுபிடிப்பது

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் பெரிய வசதி. லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. எம்எச் என்ற குறியீட்டால் உலகம் அறிந்த மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் நிறுவனத்தில் ஃபிஷர் பெயரால் இன்னொரு ஹெர்பேரியம் உண்டு. தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலை 1936-இல் முடித்து வைத்தவர் அந்த ஃபிஷர்தான், கோரைக் குடும்பம் அவர் எழுதிய பகுதியில் வருகிறது. முன்கூட்டியே கடிதம் கொடுத்து நேரம் வாங்கிக்கொண்டு, உங்கள் ஷீட்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

போவதற்கு முன் இவற்றைப் பார்த்து எழுதிவையுங்கள்: சூல்முடி இரண்டா மூன்றா (இரண்டானால் கொட்டை தட்டையாக இருக்கும், மூன்றானால் மூன்று பட்டை), ஆண்பூக்கள் தனிக் கதிரிலா, அதே கதிரின் நுனியிலா, பையின் நீளம் அலகோடு எவ்வளவு, நரம்பு உண்டா, மயிர் உண்டா, கதிருக்குக் கீழே இருக்கிற இலை கதிரைவிட நீளமா. பாக்கன்ஸ், ஃபிலிசினா இரண்டிலும் ஒரே சிறுகதிரில் கீழே பெண்பூ, நுனியில் ஆண்பூ, சூல்முடி மூன்று. ஆகவே அதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பழுத்த பையைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் முற்றிய கொட்டை வேண்டும் என்று அவ்வளவு தூரம் சொன்னது.

ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிற பெயர் தப்பு என்று தெரிந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். தனிச் சீட்டில் புதுப் பெயர், உங்கள் பெயர், வருடம் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்ற வரலாறும் அந்த ஷீட்டின் பகுதி.

பதிவேட்டில் ஏற்றுவது

எக்செல் போதும். ஒரு ஹெர்பேரியம் ஷீட்டுக்கு ஒரு வரி. ஆனால் ஒரே தகவலுக்கு இரண்டு பத்தி (நெடுவரிசை) வையுங்கள், ஒன்றில் லேபிளில் உள்ளது உள்ளபடி, எழுத்துப் பிழையோடு. இன்னொன்றில் நீங்கள் புரிந்துகொண்டது. புதியவர்கள் முதல் பத்தியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நிரப்புவார்கள். நீங்கள் புரிந்துகொண்டது தப்பாக இருந்தால் திரும்பிப் போக வழி இருக்காது.

ஆயங்களில் நடக்கிற தவறு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லேபிளில் 10 டிகிரி 20 நிமிடம் என்று இருக்கும். அவசரத்தில் 10.20 என்று தட்டிவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், ஆகவே 20 நிமிடம் என்பது 0.3333. சரியான எண் 10.3333. வித்தியாசம் 0.1333 டிகிரி, தரையில் ஏறக்குறைய 15 கி.மீ. வால்பாறையில் பறித்த கோரை கேரளாவில் போய் முளைத்துவிடும். டிகிரியில் நான்கு தசம இடம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அது போதும். பழைய லேபிளில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்து, நீங்களே வரைபடத்தில் பார்த்து ஆயம் போட்டால், பிழை தூரத்தை மீட்டரில் தனிப் பத்தியில் எழுதுங்கள். 5,000 மீட்டர் என்று ஒப்புக்கொள்வது, துல்லியம் போல நடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

உயரம் பழைய லேபிள்களில் அடியில் இருக்கும். 0.3048-ஆல் பெருக்குங்கள், 3,500 அடி என்றால் 1,067 மீ. மூல எண்ணும் அலகும் முதல் பத்தியில் அப்படியே இருக்கட்டும். தேதியை எக்செல் தானாக மாற்றிவிடும் என்பதால் அந்தப் பத்தியை முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு 2024-09-14 என்று அடியுங்கள். லேபிளில் 4.5.10 என்று மட்டும் இருந்தால் நாள் எது, மாதம் எது என்று ஊகிக்காதீர்கள். அதே சேகரிப்பாளரின் முன்பின் எண்களைத் தேடுங்கள், அவற்றில் ஒன்று 23.5 என்று இருந்தால் தெளிவாகிவிடும்.

நம் பக்கத்துப் பழைய ஷீட்டுகளில் சிக்கலே மாவட்டப் பெயர்தான். "கோயம்புத்தூர் மாவட்டம்" என்று 1920-களில் எழுதியிருந்தால் அது இன்றைய ஈரோடாக இருக்கலாம் (1979-இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது), திருப்பூராக இருக்கலாம் (2009), 1956-இல் மைசூருக்குப் போன கொள்ளேகாலாகக்கூட இருக்கலாம். கொல்லிமலைச் செடிக்குச் "சேலம் மாவட்டம்" என்று இருப்பது தப்பில்லை, நாமக்கல் பிரிந்தது 1997-இல்தான். லேபிளில் உள்ளதைத் திருத்தாமல், இன்றைய மாவட்டத்தை இரண்டாவது பத்தியில் எழுதுங்கள். "போலாம்பட்டி" என்பது வெள்ளியங்கிரி அடிவாரத்துப் போளுவாம்பட்டி. "மவுண்ட் ஸ்டூவர்ட்" என்று பார்பர், ஃபிஷர் ஆகிய பழைய சேகரிப்பாளர்களின் காலத்து லேபிளில் கண்டால் டாப்ஸ்லிப் பக்கம். "ஷெவராய்" என்றால் சேர்வராயன் மலை.

வைட் ஷீட்டுகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். 1866-67-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து பங்கிட்டு அனுப்பிய பிரதிகளில் லத்தீனில் "இந்தியத் தீபகற்பம்" என்று மட்டும் அச்சாகியிருக்கும், கூடவே ஒரு எண். அது பறித்த எண் இல்லை, பங்கீட்டு எண். அதைச் சேகரிப்பு எண் பத்தியில் போட்டால், வெவ்வேறு மலையில் வெவ்வேறு வருடம் பறித்தவை ஒரே சேகரிப்பாகிவிடும். அவர் கோயம்புத்தூரில் குடியிருந்தார் என்பதற்காக இடம் என்ற பத்தியில் கோயம்புத்தூர் என்று நிரப்பிவிடவும் கூடாது. லேபிளில் இடம் இல்லையென்றால் பத்தி காலியாகவே இருக்கட்டும்.

பிரதிகளை வேறு ஹெர்பேரியத்துக்கு அனுப்பினால் எந்த எண் எங்கே போனது என்று அதே வரியில் குறித்துவையுங்கள். உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் தொகுக்கிற ஜிபிஐஎஃப் போன்ற இணையதளங்களில் ஒரே சேகரிப்பு மூன்று பதிவாக வந்து, மூன்று இடத்தில் இருந்த மாதிரி எண்ணப்படுவதுண்டு. சேகரித்தவர் பெயரும் எண்ணும் நாளும் எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். இனிஷியலை ஒரு லேபிளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள்.